வெயிட் பண்றதுன்னா இன்னா

எனக்கு மூக்கு மேலதான் கோபம். மலைக்குக் கீழ வடக்கனந்தல்ல எங்க தெருவுக்கே அது தெரியும், இப்போ மலைமேலயும் தெரிஞ்சுபோச்சு. அதனால மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இதைக் கோபத்துலருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்னிக்கு வெள்ளிமலை பஸ்ஸுல அம்மாவும் நானும் உக்காந்திருந்தோம். நான் மலைமேல ஒரு கவர்மெண்டு ஆபீஸ்ல வேலை பாக்கறேன். வேலைக்குச் சேந்து எட்டு மாசம் ஆகியும் அம்மா அந்த ஆபீஸைப் பாத்ததில்ல. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கினு இருந்தேன், அன்னிக்குதான் வந்துச்சு. மலைப்பாதையில பாதி தூரம் ஏறியிருப்போம். ஒரு வளைவுல மரவள்ளிக்கிழங்கு ஏத்தின லாரி குறுக்கால நின்னுக்கினு வழியை அடைச்சிருச்சு. டயர் போச்சாம். கண்டக்டர் எறங்கிப் போயி பாத்துட்டு வந்து, எல்லாரும் கொஞ்சம் வெயிட் பண்ணுங்கன்னு சொல்லிட்டு, ரோட்டோரம் ஒரு கல்லு மேல காலை நீட்டி உக்காந்துக்கினார்.

காலையிலருந்து அது எனக்கு நாலாவது வெயிட் பண்ணுங்க. கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டா ஒரு மெஷின் பொம்பளை சொல்றா. டீக்கடையில சொல்றான். பஸ் ஸ்டாண்டுல பஸ் எப்போ வரும்னு கேட்டா, டைம் கீப்பர் நிமிந்துகூடப் பாக்காம சொல்றார். இப்போ இவர். அட, ஊர் உலகத்துல ஒரு சொல்லை இந்த அளவுக்கா தேய்க்கிறது? வயித்தெரிச்சலா இருந்துச்சு. அப்படி இன்னாதான் இந்தச் சொல்லுக்குள்ள இருக்குதுன்னு போனை எடுத்து தேடினேன். நான் பி.ஏ. இங்கிலீஷ். படிச்ச காலத்துல தேடாததை அந்த வளைவுல தேடினேன். மலையில சிக்னல் கம்மி. பக்கம் தொறக்காம ஒரு வட்டம் சுத்திக்கினே கெடந்துச்சு. அதுவும் என்னை வெயிட் பண்ணுன்னுதான் சொல்லுது, பாருங்க.

தொறந்ததும் படிச்சேன்.

அந்த வினைச்சொல்லு இங்கிலீஷ்காரன் வூட்டுல பொறந்தது இல்லயாம். பிரெஞ்சுப் பக்கத்துலருந்து வந்திருக்குது. பிரெஞ்சுக்காரனுக்கு அதைக் குடுத்தது அவனுக்கும் வடக்க இருந்த வேற ஒரு கூட்டம். பொறந்தப்போ அதுக்கு அர்த்தமே வேற. முழிச்சிருக்கறது. காவல் காக்கறது. எதிரி எந்தப் பக்கமா வரான்னு பதுங்கி உக்காந்து, கண்ணு எடுக்காம பாத்துக்கினே இருக்கறது. முழிச்சுக்கோன்னு சொல்ற வேக், கவனிச்சுப் பாருன்னு சொல்ற வாட்ச், இது ரெண்டும் அதுக்குப் பங்காளிங்க. ஒரு காலத்துல ஊர்க் காவல்காரனையே இந்தப் பேரு வெச்சுத்தான் கூப்பிட்டிருக்காங்க.

அப்புறம் போகப் போக கெட்டுப்போச்சு. பெரிய மனுஷன் வூட்டுல, அவர் எப்போ இன்னா கேப்பாரோன்னு அவர் மொகத்தையே பாத்துக்கினு நிக்கிறதுக்கு இதே சொல்லு வந்துச்சு. ஓட்டல்ல தட்டு எடுத்துக்கினு வர ஆளுக்கு வெயிட்டர்னு பேர் வந்தது அந்த வழியாத்தான். கடைசியில பாக்கறதும் போச்சு, முழிச்சிருக்கறதும் போச்சு. அப்படியே கெடன்னு சொல்றது மட்டும் மிஞ்சி, கப்பலேறி நம்ம ஊருக்கு வந்து சேந்துச்சு. காவல்காரன் கையிலருந்த தடியைப் பிடுங்கிட்டு தட்டைக் குடுத்திருக்காங்க. எனக்கு அதுலயும் கோபம்தான்.

நம்ம ஊருக்கு வந்த கதையை எந்த டிக்‌ஷனரியும் எழுதல, நான் சொல்றேன். முன்னால எங்க ஆளுங்க வேலை கேட்டு நெலக்காரங்க வூட்டுத் தோட்டத்துப் பக்கம் போயி நிப்பாங்க. முன்வாசல் பக்கம் போற வழக்கம் கெடையாது. உள்ளருந்து 'இரு'ன்னு ஒரு சத்தம் வரும். வயசானவங்களா இருந்தாலும் 'இரு'தான். இப்போ அந்த வூட்டுப் பையன் வெளியூர்ல படிச்சுட்டு வந்திருக்கான். வெயிட் பண்ணுங்கன்னு சொல்றான். ஒரு 'ங்க' கூடக் கெடைச்சிருக்குது. மரியாதை ஏறிச்சு, நிக்கிற நேரம் கம்மியாகல. அதே தோட்டத்துப் பக்கம், அதே வெயில்.

நான் போன்ல படிச்சதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா ஜன்னலோரம் உக்காந்து லாரிக்காரங்க ஜாக்கி வெக்கிறதையே பாத்துக்கினு இருந்துச்சு. திரும்பாமலே, "இதுக்குப் போனு வேணுமா? காவலுக்கு இல்லாம சும்மா உக்கார்றதுக்கு எவ போயி உக்காருவா?"ன்னுச்சு.

சொல்லிட்டு மறுபடி லாரியைப் பாக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா அம்மா எப்படி வெயிட் பண்ணும்னு நான் அஞ்சு நாள் பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்கேன். பாத்தும் அப்போ எனக்குப் புரியல. அந்த அஞ்சு நாளால வந்ததுதான் எனக்கு இந்த வேலை.

எந்த ஆபீஸ், எந்த வருஷம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பரிச்சை எழுதி பாஸாகி, சென்னையில சர்டிபிகேட் சரிபாக்க வரச் சொல்லி லெட்டர் வந்துச்சு. அடுத்த வாரம் திங்கக்கிழமை. எல்லாம் கையில இருந்துச்சு, சாதிச் சான்றிதழைத் தவிர. பழைய அட்டை, கூரை ஒழுகினதுல ஊறிப்போயி, மை கரைஞ்சு, வெறும் மஞ்சத் தாளாக் கெடந்துச்சு. புதுசுக்கு கம்ப்யூட்டர் செண்டர்ல ஒரு மாசத்துக்கு முன்னாலயே பதிவு பண்ணியாச்சு. விசாரணைக்கு நிக்குது, ஆபீஸ்ல போயி பாருங்கன்னு சொன்னாங்க. திங்கக்கிழமை அது கையில இல்லாம சென்னைக்குப் போனா வேலை கெடையாது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. எங்க பரம்பரையில ஒருத்தர்கூட நாற்காலியில உக்காந்து வேலை பாத்ததில்ல, அதையும் சேத்துக்கோங்க.

அது சோளம் பால் பிடிச்சிருந்த சமயம். அம்மா அந்தப் பருவத்துல நெலக்காரர் காட்டுல கிளி ஓட்டப் போகும். காலையில போனா பொழுது சாய்ற வரைக்கும் காட்டுலதான். அந்த வாரம் தன் தங்கச்சியை அனுப்பிட்டு என்கூட ஆபீஸுக்கு வந்துச்சு. நீ எதுக்கு வரே, ஒனக்கு அங்க இன்னா தெரியும்னு கேட்டேன். வாயி சும்மா இருக்குதா நமக்கு? அம்மா சோத்து டப்பாவைக் கட்டிக்கினு முன்னால நடந்துச்சு.

ஆபீஸுக்கு முன்பக்கம் ஒரு ஜன்னல். அதுக்குள்ள ஒரு கிளார்க். எதிர்ல பெரிய வேப்பமரம், அதும் அடியிலதான் வந்தவங்க எல்லாரும் உக்காருவாங்க. திங்கக்கிழமை ஜன்னல்ல லெட்டரைக் காட்டினேன். ஃபைல் ஐயா டேபிள்ல இருக்குது, வெயிட் பண்ணுங்கன்னார். செவ்வாக்கிழமையும் அதேதான். சாயங்காலம் ஜன்னலை மூடுற வரைக்கும் உக்காந்துட்டு ரெண்டு நாளும் திரும்பி வந்தோம். எனக்குப் பல்லைக் கடிச்சுக்கடிச்சு தாடையே வலிச்சுது.

புதன்கிழமை காலையில அம்மா மரத்தடிக்கு வரல. நேரா போயி ஆபீஸ் மூலையில தண்ணித் தொட்டி பக்கம் உக்காந்துச்சு. நல்ல வெயில். ஒரு இத்துனூண்டு நெழல்கூட கெடையாது. முந்தானையைத் தலையில போட்டுக்கினு, சம்மணம் போட்டு, என்னவோ சொந்தக் காட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்குது. எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க. எனக்கு மானம் கப்பலேறிப் போச்சு. பக்கத்துல போயி, ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா, நெழலுக்கு வான்னேன்.

"நெழல்ல உக்காந்தா கண்ணு சொக்கும். அங்கருந்து பாத்தா ஒரு வாசல்தான் தெரியுது. இங்க ரெண்டும் தெரியுது."

அப்போதான் பாத்தேன், ஆபீஸுக்குப் பக்கவாட்டுல இன்னொரு கதவு இருக்குது. ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க வந்துபோற கதவு. மரத்தடியிலருந்து பாத்தா தொட்டி மறைச்சிரும்.

கிளி ஓட்றது எப்படின்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். காட்டு நடுவுல பரண் கட்டி உக்காந்து கூவுறதுன்னு நெனச்சுக்காதீங்க. கிளி எந்த மரத்துலருந்து எறங்குதுன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும். ரெண்டு பக்கமும் தெரியற மூலையா பாத்து உக்காரணும். மடி நெறைய கல்லு பொறுக்கி வெச்சுக்கணும். கூட்டம் மொத்தமா வராது. ஒத்தக் கிளி ஒண்ணு மொதல்ல வரும். கதிரைத் தொடாது. மரத்துல உக்காந்து, ஆள் இருக்குதா, முழிச்சிருக்குதான்னு பாத்துட்டுத் திரும்பிப் போவும். அப்புறம்தான் கூட்டம் எறங்கும். அந்த ஒத்தக் கிளியை விட்டுட்டா அன்னிக்குக் காடு காலின்னு அம்மா சொல்லும்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள்ளயே அம்மா அந்த ஆபீஸோட ஒத்தக் கிளியைக் கண்டுபிடிச்சிருச்சு. பச்சை சட்டை போட்ட ஆளு. கையில மஞ்சப் பை. காலையில வருவான், சைடு கதவுல தலையை விட்டுப் பாப்பான், போயிடுவான். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு பேர், மூணு பேர்னு கூட்டிக்கினு வந்து, அந்தக் கதவு வழியா உள்ள போவான். உள்ள போனவங்க சிரிச்ச மொகத்தோட பேப்பரை மடிச்சுக்கினு வெளிய வருவாங்க. ஒருத்தர் உள்ள போகும்போதெல்லாம் அம்மா தரையிலருந்து ஒரு கல்லைப் பொறுக்கி மடியில போட்டுக்கும். எதுக்கும்மான்னு கேட்டேன். கெடக்கட்டும்னுச்சு.

வியாழக்கிழமை பச்சை சட்டை என்கிட்டயே வந்தான். பாவமா இருக்குதும்மா, நாலு நாளா வெயிட் பண்றீங்க, எங்கூட வாங்க, அஞ்சு நிமிஷ வேலைன்னான். பொய் சொல்ல மாட்டேன், என் காலு ரெண்டு அடி அவன் பின்னால போயிடுச்சு. திங்கக்கிழமை கண்ணு முன்னால நிக்குது, நான் இன்னா பண்ணட்டும்? அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சுது. அவனைக் கால்லருந்து தலை வரைக்கும் ஒரு பார்வை பாத்துச்சு. அவன் அப்படியே நகந்துட்டான். நான் அம்மாவைத் திட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி பேசினேன். ஒன்னாலதான் எனக்கு வேலை போவப்போவுது, ஒனக்குக் காட்டைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னேன். இப்போ எழுதும்போதும் அது குத்துது.

வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஜன்னலை மூடிட்டுப் போனவங்க மூணு மணிக்குத்தான் தொறந்தாங்க. நான்தான் மொதல்ல போயி நின்னேன். இன்னிக்கு விட்டா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஆபீஸ் கெடையாது. கிளார்க் கடியாரத்தைப் பாத்துக்கினே, ஐயா ஊருக்குள்ள விசாரணைக்குப் போயிட்டார், திங்கக்கிழமை வாங்கன்னு சொன்னார். என் லெட்டரை மறுபடியும் காட்டினேன். தேதியைப் பாருங்க சார்னேன். நான் இன்னாம்மா பண்றது, அவர் இல்லயேன்னு ஜன்னலைச் சாத்தப் போனார். அழக்கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கினு நிக்கிறேன்.

பின்னாலருந்து அம்மா குரல். சத்தமாக்கூட இல்ல.

"ஐயா எங்கயும் போவல. காலையில பத்தே காலுக்கு முன்வாசல்ல உள்ள போனார். ரெண்டு வாசல்லயும் திரும்பி வரல. நான் பாத்துக்கினுதான இருக்கறேன்."

கிளார்க் ஜன்னல்லருந்து கையை எடுத்துட்டார். மரத்தடியில இருந்தவங்க ஒவ்வொருத்தரா எழுந்து வந்தாங்க. அம்மா யாரையும் திரும்பிப் பாக்கல. மடியைப் பிடிச்சுக்கினு தண்ணித் தொட்டியைச் சுத்திப் போயி, சைடு கதவைத் தள்ளிக்கினு உள்ள போயிருச்சு. நான் பின்னாலயே ஓடினேன். அதிகாரி நாற்காலியிலதான் உக்காந்திருந்தார். ஃபேன் ஓடுது. டேபிளுக்கு இந்தப் பக்கம் பச்சை சட்டை நிக்கிறான். யாரும்மா நீ, வெளிய வெயிட் பண்ணுன்னார் அதிகாரி.

அம்மா மடியை அவிழ்த்து கல்லு எல்லாத்தையும் அவர் டேபிள் மேல கொட்டுச்சு. கண்ணாடி போட்ட டேபிள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்குது.

"மூணு நாளா அதைத்தான் சார் பண்ணிக்கினு இருந்தேன். இதுல ஒவ்வொரு கல்லும் எம்பொண்ணுக்கு அப்புறம் வந்து இந்தக் கதவால உள்ள போன ஆளு. இருவத்திமூணு. கடைசிக் கல்லு இந்தப் பச்சை சட்டைக்காரரு."

அதிகாரி கல்லைப் பாத்தார். பச்சை சட்டையைப் பாத்தார். வாசல்ல வந்து நிக்கிற கூட்டத்தைப் பாத்தார். நாலைஞ்சு பேர் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. அவருக்கு நல்ல மனசு வந்துச்சுன்னு யாரும் நெனச்சுடாதீங்க, அந்தப் போனுங்கதான் வேலை பாத்துச்சு. என் பேரைக் கேட்டார். ஃபைல் டேபிள்லயேதான் இருந்துச்சு, மேலருந்து மூணாவது. கால் மணி நேரத்துல சான்றிதழ் கையில. எனக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தவங்களையும் அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வரிசையா கூப்பிட்டாங்க. அது வரைக்கும் அம்மா அங்கயே உக்காந்திருந்துச்சு. வேலைதான் முடிஞ்சுதே, வா போலாம்னா வரல. கடைசி ஆள் பேப்பரை வாங்கினதும்தான் பொடவையைத் தட்டிக்கினு எழுந்துச்சு.

வூட்டுக்குத் திரும்பற பஸ்ஸுல ஏறினோம். சந்தோஷமா இருந்திருக்கணும். எனக்கு வெக்கம்தான் இருந்துச்சு. நாலு எழுத்து படிச்ச நான் மரத்தடியில உக்காந்து தலையெழுத்தை நொந்துக்கினு கெடந்தேன். கைநாட்டு வெக்கிற அம்மா அந்த ஆபீஸையே காடு மாதிரி காத்துக்கினு இருந்திருக்குது. நேத்து அப்படிப் பேசிட்டேன்மான்னு சொல்லத் திரும்பினேன். அம்மா ஜன்னல்ல தலையைச் சாய்ச்சு, அஞ்சு நாளைக்கும் சேத்து வெச்சுத் தூங்கிக்கினு வந்துச்சு.

இதெல்லாம் எனக்கு அந்த மலை வளைவுல ஞாபகம் வந்துச்சு. டயரை மாத்தி லாரியை ஓரங்கட்டி, நாங்க ஆபீஸுக்குப் போயி சேரும்போது மணி பதினொண்ணு ஆயிடுச்சு. வராண்டாவுல பத்துப் பன்னெண்டு பேர் இருந்தாங்க. நானும் ஒரு ஜன்னலுக்கு உள்பக்கம் உக்கார்றவதான், அதைச் சொல்லிடணும். வேலைக்குச் சேந்த மொத நாள், இந்த வாயால அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன். கிழிச்சேன். ரெண்டாவது வாரமே சொல்ல ஆரம்பிச்சுட்டேன். கம்ப்யூட்டர் நின்னுபோயிடும். கரண்டு போயிடும். எதிர்ல நிக்கிறவங்க கேட்டுக்கினே இருப்பாங்க. அதுக்கு இதைவிட லேசான சொல்லு கெடையாது. சொல்லிட்டா நம்ம வேலை முடிஞ்ச மாதிரியே ஒரு நெனப்பு வந்துடும்.

அம்மாவை வராண்டா பெஞ்சுல உக்கார வெச்சுட்டு உள்ள போனேன். வரிசையில மொதல்ல ஒரு மலைக்காரம்மா. காலு முட்டி வரைக்கும் செம்மண்ணு. விடியும்போதே கெளம்பி நடந்து வந்திருக்குது. பொண்ணை ஹாஸ்டல்ல சேக்கணும், பேப்பர்ல பதிஞ்சு சீல் வேணும், அங்க குடுக்க நாளைக்குத்தான் கடைசி நாள், ரெண்டு மணிக்கு அவங்க ஊர்ப் பக்கம் போற ஒரே ஜீப் கெளம்பிடும்னு எல்லாத்தையும் சொல்லுச்சு. நெட்டு சுத்திக்கினு இருந்துச்சு. நான், வெயிட் பண்ணுங்கம்மான்னு சொல்லிட்டு அடுத்த பேப்பரை எடுத்தேன். காலையில பஸ்ஸுல அவ்வளவு கோபப்பட்டவ, அதே வாயால.

பன்னெண்டரைக்கு நெட்டு வந்துச்சு. அந்த நேரம் பாத்து சைடு கதவு வழியா வேற ஒரு ஜீப்காரர் வந்தார். ஆமாம், எங்க ஆபீஸ்லயும் ஒரு சைடு கதவு இருக்குது. அவர் கெட்டவர் இல்ல. பஸ் வராத நாள்ல என்னைக் கீழ எறக்கி விடுறதே அவர்தான், எத்தனையோ தடவை. யாரோ ரெண்டு பேரோட பேப்பரை நீட்டி, அக்கா, ரெண்டு நிமிஷம்னார். நெட்டு எப்போ போவுமோ தெரியாது, சட்டுனு முடிச்சுக் குடுத்துடலாம்னு வாங்கினேன். ஒண்ணை முடிச்சேன். ரெண்டாவதையும் முடிச்சேன். அவர் சட்டைப் பையிலருந்து மூணாவது ஒண்ணை எடுத்தார்.

அப்போ அம்மா உள்ள வந்துச்சு. அதே சைடு கதவு வழியா, அங்க நின்னு பாத்துட்டு. என் டேபிள்கிட்ட வந்து, கம்ப்யூட்டர் பக்கத்துல, முடிச்ச பேப்பருக்கு ஒண்ணா ரெண்டு கல்லை வெச்சுது. என் மொகத்தைக்கூடப் பாக்கல. வந்த வழியாவே திரும்பிப் போயிருச்சு.

ஜீப்காரர், இது யாரு அக்கான்னு சிரிச்சார். அந்தக் கண்ணாடி டேபிள் மேல கல்லு கொட்டின சத்தம் இப்போ என் டேபிள்லயே கேட்ட மாதிரி இருந்துச்சு. மூணாவது பேப்பரை அவர் கையிலயே திருப்பிக் குடுத்தேன். அவங்களையே வரச் சொல்லுங்க, வரிசையில நிக்கச் சொல்லுங்கன்னேன். அவர் பேப்பரைப் பையில வெச்சுக்கினே, சாயங்காலம் வண்டி வேணுமா வேணாமான்னு கேட்டார். மெதுவாத்தான் கேட்டார். வேணாங்க, நான் நடந்துகூட எறங்கிப்பேன்னு சொன்னேன். எங்க மேலதிகாரி அவருக்கு வேண்டப்பட்டவர், என்னைத் தூக்கி வேற எங்கயாவது போடுவாங்க. போடட்டும். எங்கயோ இருக்கற மணலூர்பேட்டையில போட்டாலும் அங்கயும் ஒரு ஜன்னல் இருக்கும், உக்காந்துக்கறேன்.

எழுந்து வராண்டாவுக்குப் போயி அந்த மலைக்காரம்மாவைக் கூப்பிட்டேன். வேலை ஏழு நிமிஷம்தான். அந்த ஏழு நிமிஷத்துக்கு அது காலையிலருந்து உக்காந்திருக்குது. சீல் வெச்சு கையில குடுத்தேன். நன்றி கின்றின்னு ஒண்ணும் சொல்லல, சொல்லவும் தேவையில்ல. ரெண்டு தடவை பேப்பரைத் திருப்பிப் பாத்துட்டு ஜீப் நிக்கிற எடத்துக்கு ஓடுச்சு. மணி ரெண்டாவ இன்னும் நேரம் இருந்துச்சு. மத்தவங்களை வரிசையா கூப்பிட்டேன். நெட்டு நின்னப்போ வெயிட் பண்ணுங்கன்னு சொல்லாம, நெட்டு நின்னுபோச்சு, உங்களுக்கு முன்னால மூணு பேர் இருக்காங்க, சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். அப்படிச் சொல்றதுக்கு ஜாஸ்தி நேரம் ஆவல.

நடுவுல போயி சைடு கதவை உள்பக்கமா தாழ் போட்டேன். கூட வேலை பாக்கறவங்க, இன்னாங்க மேடம், நாங்க எப்படி வரதுன்னாங்க. முன்பக்கமா வாங்க, எல்லாரும் வர மாதிரின்னேன். மொணகிக்கினே போனாங்க.

அப்புறம்தான் அம்மாவைத் தேடினேன். பெஞ்சு காலியா இருந்துச்சு. ஆபீஸைச் சுத்தி வந்தேன். முன்வாசலும் சைடு கதவும் ரெண்டும் தெரியற மூலையில, நல்ல வெயில்ல, முந்தானையைத் தலையில போட்டுக்கினு உக்காந்திருந்துச்சு. மடியில கல்லு கனமா தொங்குது.

"கதவைத் தாழ் போட்டுட்டேம்மா. இனிமே யாரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்க. நெழலுக்கு வா"ன்னேன்.

அம்மா கதவைப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு. அன்னிக்குப் பச்சை சட்டையைப் பாத்த அதே பார்வை.

"ஆபீஸ் மூடட்டும், வரேன். நீ உள்ள போ."